அமைதியான தெரு

சலூன் நாற்காலியில் ஹோட்டல் கம்பெனி அதிகாரி சாய்ந்திருக்கிறார். எதிரே காலியாகக் கிடக்கும் மனையில் அறை எடுத்துத் தங்கும் ஹோட்டல் கட்டினால் ஓடுமா என்று பார்க்க வந்தவர், வந்த கையோடு மீசையையும் ஒதுக்கிக்கொள்ள உட்கார்ந்திருக்கிறார். மாலை வெயில் கண்ணாடியில் பட்டு அவர் மூக்கு நுனியில் மினுங்குகிறது. சலூன்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஹோட்டல் வந்தால் தாடியும் தலையுமாக ஆட்கள் வந்து குவிவார்களே! ஆள் தூங்குகிற இடத்துக்குச் சத்தம் ஆகாது என்று காலையிலேயே தெரு முழுக்கக் கெஞ்சிக் கூத்தாடி வைத்திருக்கிறார். பக்கத்தில் ஹாரன் கடை போட்டிருக்கும் மச்சான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். தகரப் பட்டறையில் சுத்தியல் படுத்துக் கிடக்கிறது. பழ வண்டிக்காரி ஜாடையிலேயே பேரம் பேசுகிறாள். கத்தரிக்கோல் மட்டும் கிசுகிசுக்கிறது.

அதிகாரி உதட்டைப் பிதுக்குகிறார். “கலகலன்னு இருக்கிற ஏரியான்னு சொன்னாங்க. எழவு வீடு மாதிரி இருக்கே! இங்க எவன்யா வந்து தங்குவான்?”

சலூன்காரருக்குப் பகீர் என்கிறது. மீசையில் வைத்த கத்தரியை எடுக்காமலே வாசலைப் பார்த்துக் கத்துகிறார். “அமுக்கு மச்சான், அமுக்கு!”

கடையிலுள்ள ஹாரன்கள் அத்தனையும் ஒன்றாக அலறுகின்றன. பட்டறை அதிர்கிறது. பழக்காரியின் கூவல் அதற்கும் மேலே ஏறுகிறது. அதிகாரி தூக்கிவாரிப்போட்டு எழ, மடியில் விரித்த வெள்ளைத் துணியில் பாதி மீசை விழுகிறது. அவர் கண்ணாடியைப் பார்க்கிறார். யாரும் கெஞ்சாமலே தெரு மறுபடி வாயை மூடிக்கொள்கிறது.

“இந்த மூஞ்சியோட நான் எப்படிய்யா வீட்டுக்குப் போவேன்? இது முளைக்கிற வரைக்கும் தங்க இங்க ஒரு ஹோட்டல் இருக்கா?”

சலூன்காரர் மிகப் பணிவாகக் கத்தரிக்கோலாலேயே எதிர் மனையைக் காட்டுகிறார்.