நிக்கலுக்கு அடியில்

பாலக்கரையில் நிக்கல் பூசும் பட்டறை வைத்திருந்த தாஜுதீன், துவாக்குடிப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு இரும்புத் தகடுகள் பூசிக் கொடுத்துவந்தார். அணு உலைக்கு இந்தப் பூச்சு தாங்குமா என்று அங்கே ஆறு வாரம் கொதிநீரில் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள்.

1966-இல் அப்படித் திரும்பி வந்த ஒரு தகட்டில் துரு கட்டைவிரல் ரேகையாகப் பூத்திருந்தது. குறுக்கே அரிவாள்மணை வெட்டிய தழும்பு.

"பூசறதுக்கு முன்னாடி யாரோ வெறுங்கையால தொட்டிருக்காங்க பாய். பிசுக்கு பட்டா பூச்சு நிக்காது," என்றார் இன்ஜினியர்.

பூசுவதற்கு முன் தகடுகளைச் சுண்ணாம்பு போட்டுத் தேய்த்துக் கொடுத்தவள் மனைவி நஜ்முன்னிசா. அந்தத் தழும்பு அவள் கட்டைவிரலில் இருந்தது. "கை வைக்காதேன்னா கேக்க மாட்டியா" என்று தினமும் அவளைத் திட்டியிருக்கிறார். அவள் மௌத்தாகி, அடக்கம் செய்து எட்டு மாதம். இந்தத் தகடுகள் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது.

"இனிமே கை படாதுங்க," என்றார் தாஜுதீன்.

பிழைப்புக்குப் பயந்து அடுத்த முறை இரண்டு மடங்கு கனமாகப் பூசினார். ரேகை வரவில்லை. இன்ஜினியருக்குத் திருப்தி. தாஜுதீன் மட்டும் அந்த ரேகையைத் தேடி ஒவ்வொரு தகடாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒன்றை வேண்டுமென்றே மெல்லிசாகப் பூசி அனுப்பினார். துருவே இல்லை. கடைசியில், பூச்சே இல்லாத வெறும் இரும்பு ஒன்றைக் கட்டுக்கு நடுவில் வைத்து அனுப்பினார்.

ஆறு வாரம் கொதித்த பிறகு அதுவும் பளபளவென்று திரும்பி வந்தது. இனிமே படாது என்று தான் கொடுத்த வாக்கை நினைத்து, எண்ணெய்க் கையால் அதை அழுத்திப் பிடித்தார். அவருடைய ரேகையும் பதியவில்லை.