கேற்றுக்குத் தெரிந்த குரல்

"கேற், லைற், ஏசி எல்லாம் என்ர ஒரு குரலுக்குத்தான் வேலை செய்யவேணும்," என்றார் சிவராசா.

குரல் கருவி பொருத்த வந்த யதுர்சிகா, "அக்காவின்ர குரலையும் பதியட்டோ?" என்று கேட்டாள்.

"என்ர சொல்லில்லாமல் அவள் வாசல் தாண்டக்கூடாது."

குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்ற அவர் மனைவி வசந்தமலருக்கும் அது கேட்டது. யதுர்சிகாவுக்குப் பற்றி எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள்.

தன் குரலைப் பதியக் கொடுத்துவிட்டு மீன் வாங்க மன்னார்ச் சந்தைக்குப் போன சிவராசா, உச்சி வெயிலில் திரும்பிவந்து கத்தினார்.

"கேற்றைத் திற!"

கேற் அசையவில்லை.

"என்னடி பிழை?"

"பிழையில்லை ஐயா, ஒரு குரலுக்குத்தான் திறக்கும்," என்ற யதுர்சிகா, வசந்தமலரிடம் திரும்பினாள். "அக்கா, நீங்கள் சொல்லுங்கோ."

"கொஞ்சம் நிக்கட்டும்," என்றாள் வசந்தமலர்.