நெவில் சொன்ன பதில்கள்

இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில் மாலை ஐந்தரைக்கு வீடு திரும்பிய நெவில், சாப்பாட்டு டப்பாவைக் கீழே வைப்பதற்குள் அழைப்பு மணி அடித்தது. கருத்துக்கணிப்பு எடுக்கும் பெண் வாசலில் நின்றாள்.

"பதினெட்டு வயசுப் பசங்களுக்குக் கட்டாய ராணுவ சேவை வேணுமா சார்?"

"கண்டிப்பா வேணும். அப்பத்தான் உடம்பு வளையும்."

"வேலையில்லாதவங்களுக்கு அரசாங்கம் குடுக்கிற உதவித்தொகை?"

"நிறுத்தணும். சோம்பேறிங்களுக்கு உக்கார வெச்சு சோறு போட்டா எவன் வேலைக்குப் போவான்?" குரல் தெருவுக்கே கேட்டது. கால்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை.

"நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"அட்டைப்பெட்டி ஃபாக்டரியில ஃபிட்டர். இருபத்திரண்டு வருஷமா."

அவள் குறித்துக்கொண்டு போனாள். நெவில் கதவைச் சாத்தினான். அடுக்களையிலிருந்து மனைவி லொரேன் வந்தாள்.

"நாளைக்குப் பூரா மழையாம். துறைமுக பெஞ்சுல போய் உக்காராத. வீட்டுலயே இரு."

"என்ன சொல்ற?"

"ஃபாக்டரியை மூடினது மார்ச்லயே எனக்குத் தெரியும் நெவில். உதவித்தொகைக்கு ரெண்டு பேருமாப் போய் எழுதிக் குடுப்போம்."

அவன் கையிலிருந்த சாப்பாட்டு டப்பாவைக் கீழே வைத்தான்.

"அந்த ஆபீஸ் வரிசையில தெரிஞ்சவங்க யாராவது இருப்பாங்களே," என்றான் கடைசியில்.

"இருந்தா, எப்படி இருக்கீங்கன்னு கேப்போம்."