காட்சியைக் கெடுத்தவர்

"கட்," என்றார் டைரக்டர். இந்தத் தடவை அவர் கத்தவில்லை. அதுதான் நடிகர் தொப்பைக்குப் பயமாக இருந்தது.

"மன்னிச்சுடுங்க சார். அடக்க முடியாம சிரிச்சுட்டேன்," என்றார் கட்டிலில் படுத்திருந்த ஒல்லி.

காலையிலிருந்து இதே கூத்து. ஒரு தடவை இருமினார். ஒரு தடவை மாவுக்கட்டு போட்ட காலை ஆட்டி, பக்கத்திலிருந்த டம்ளரைத் தட்டிவிட்டார். எல்லாம் தொப்பை உருகி உருகிப் பேசிக்கொண்டிருக்கும்போது.

ஒல்லி, தொப்பை என்றால் ஒரு காலத்தில் சிரிப்பில் தியேட்டரே அதிரும். நாடக மேடையில் சேர்ந்த ஜோடி. ஒல்லி அடிப்பார், தொப்பை வாங்குவார். பிறகு புதுப் பசங்க வந்தார்கள். இவர்களைக் கூப்பிட ஆளில்லை. பல வருஷம் கழித்து இந்தப் படம் கிடைத்திருக்கிறது.

ஆஸ்பத்திரிக் காட்சி. அடிபட்டுக் கிடக்கும் நண்பனிடம் தொப்பை மனம்விட்டுப் பேச வேண்டும். ஒரு பக்க வசனம். அவர் வாழ்க்கையில் இவ்வளவு நீளமாக யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. ஒல்லிக்கோ ஒரு வரிகூட இல்லை.

இடைவேளையில் தொப்பை கட்டில் அருகே குனிந்தார்.

"வேணும்னேதானே பண்றே?"

ஒல்லி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "அண்ணே, அந்த வசனத்தை இன்னொரு தடவை சேர்ந்து படிச்சுப் பார்க்கலாமா?"

"எனக்கு அது தலைகீழாப் பாடம். உனக்குத்தான் வயித்தெரிச்சல். இத்தனை வருஷமா கைதட்டல் எல்லாம் உனக்கு, அறை எல்லாம் எனக்கு. இன்னிக்கு ஒரு நாள் நான் பேசினா பொறுக்கலை, இல்லே?"

ஒல்லி வசனத் தாளை எடுத்து நீட்டினார்.

தொப்பை அதை வாங்காமல் நேராக டைரக்டரிடம் போனார்.

"அவனுக்கு முன்னே மாதிரி முடியலை சார்."

"எனக்கும் அப்படித்தான் தோணுது. தயாரிப்பாளர் ஆளையே மாத்தச் சொல்றார். நீங்க அவரோட கூட்டாளியாச்சேன்னுதான் யோசிக்கிறேன்."

தொப்பை கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"மாத்திடுங்க சார்," என்றார்.

டைரக்டர் கட்டிலருகே போய் ஏதோ சொன்னார். ஒல்லி காலில் இருந்த கட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கேமராவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கட்டிலில் தலையணையை அடுக்கிப் போர்த்தினார்கள்.

"புது ஆள் வர்ற வரைக்கும் தொப்பை சார் முகத்தை மட்டும் எடுக்கிறோம்," என்றார் டைரக்டர். "ஆக்‌ஷன்."

தொப்பை பேசினார். குரல் தானாகத் தழுதழுத்தது. லைட் பிடித்திருந்தவர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எழுந்திருடா. உன்கிட்ட எத்தனை அறை வாங்கியிருப்பேன்? ஒரு நாளாவது…"

அதற்கு மேல் ஒன்றுமே இல்லை. மண்டைக்குள் துடைத்துவிட்ட மாதிரி காலி.

தேடினார். ஒரு நாளாவது… ஒரு நாளாவது…

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இருமல் வந்தது இந்த இடத்தில். டம்ளர் உருண்டது இந்த இடத்தில். சிரிப்பும் இதே இடத்தில்தான். ஒவ்வொரு தடவையும் இந்த வார்த்தையில் தன் நாக்கு நின்றது. அதை யாரும் கவனிப்பதற்குள் ஒல்லி முந்திக்கொண்டார்.

டைரக்டர் மானிட்டரிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

தடால் என்று ஒரு சத்தம். லைட் ஸ்டாண்ட் ஒன்று தரையில் கிடந்தது.

"யாருய்யா அது?"

"நான்தான் சார்," என்றார் ஒல்லி. "கால் தடுக்கிடுச்சு."

டைரக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "படத்துலேர்ந்து தூக்கினதுக்கு அப்புறமும் வந்து கெடுக்கிறீங்களே, வெட்கமா இல்லே? முதல்ல வெளியே போங்க."

யூனிட்டே முறைத்துப் பார்க்க, ஒல்லி தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். தொப்பையைத் தாண்டும்போது மட்டும் கால் கொஞ்சம் தயங்கியது. உதடு அசையாமல், மேடையில் வசனம் எடுத்துக் கொடுக்கிற குரலில் சொன்னார்.

"'ஒரு நாளாவது வலிக்கிற மாதிரி அடிச்சிருக்கியாடா?' அதாண்ணே அடுத்த வரி."

தொப்பை அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஒல்லி உருவப் பார்த்தார். பிடி தளரவில்லை.

"சார்," என்றார் தொப்பை, டைரக்டரைப் பார்த்து. "ஆளை மாத்தணும்னா என்னை மாத்துங்க. காலையிலேர்ந்து வசனம் மறந்துட்டு நிக்கிறது நான்."