இறக்கத்தில் நியூட்ரல்

"இறக்கத்துல நியூட்ரல்ல விட்டு ஓட்டுங்க, பெட்ரோல் மிச்சமாகும்" என்று சொன்னது கியர்பாக்ஸ் மெக்கானிக்கான அவன் மனைவிதான். அவனும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். எட்டே மாதத்தில் கார் படுத்துவிட்டது.

பட்டறையில் அவள் கியர்பாக்ஸுக்குள்ளிருந்து எடுத்த, கருகிப்போன கிளட்ச் பிளேட்டுகளை மேசைமேல் பரப்பினாள்.

"நீ சொன்னபடிதானே ஓட்டினேன்!" என்று எகிறினான்.

"ஆமாங்க. ஆட்டோமேட்டிக் வண்டிய அப்படி ஓட்டினா இப்படித்தான் ஆகும்."

"அடிப்பாவி, தெரிஞ்சேவா சொன்னே?"

"வீட்டுலேருந்து உங்க ஆபீஸ் வரைக்கும் ஒரே சமதரை. அங்க மட்டும் போய் வந்திருந்தா வண்டிக்கு ஒண்ணும் ஆகியிருக்காதே!"



அவள் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டாள். "நம்ம ஊர்ல இருக்கிறது ஒரே ஒரு மலை ரோடு. அதோட உச்சியில இருக்கிறது என் தங்கச்சி வீடு."