சொம்பில் எழுந்த பெயர்

மருமகள் பிரமிளா பழைய எவர்சில்வர் பாத்திரங்களைப் போட்டுவிட்டுப் புதுக் குக்கர் வாங்கக் கிளம்பினாள். சாக்குக்குள் என் மனைவியின் சொம்பும் இருந்தது.

"அது உங்க அத்தையோடதும்மா. செத்தவ பேரு வெட்டியிருக்கும் பாரு."

"தேச்சுத் தேச்சு பேரெல்லாம் எப்பவோ போயிடுச்சு மாமா. ஒடுங்கின சொம்ப வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

நான் உருக்காலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவன். நல்ல எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது. ஆனால் உளி பட்ட இடத்திலும் அடி பட்ட இடத்திலும் உள்ளே இருக்கும் உலோக மணிகள் முறுக்கிக்கொள்ளும். அங்கே மட்டும் ஒட்டும். சொம்புக்குள் காந்தத்தைப் பிடித்துக்கொண்டு, வெளியே இரும்புத்தூளைத் தூவினேன். புள்ளி புள்ளியாக 'சௌந்தரவல்லி' எழுந்து நின்றது.

பிரமிளா சாக்கைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஒடுங்கிய பக்கத்தைத் திருப்பி அங்கேயும் தூவினேன். தூள் ஓடிப்போய் ஒட்டி, ஒரு நெற்றியாகவும் அதன் கீழே மூக்குக்கண்ணாடியாகவும் ஆயிற்று.

"இது யாரு மாமா?"

"ரசத்துல உப்பில்லன்னு சொன்னவன்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, சொம்பை விட்டுவிட்டுச் சாக்கோடு போனாள்.

காந்தத்தை எடுத்தேன். பெயரும் நெற்றியும் உதிர்ந்தன. வீட்டில் யாருமில்லை. ஒடுக்கில் என் நெற்றியை வைத்துப் பார்த்தேன், கச்சிதமாகப் பொருந்தியது. பிறகு எடுக்கப் பார்த்தேன், வரவில்லை.