தகவல் இல்லை

கண்ணையா திரையில் விரலை வைத்து அழுத்தினார். அவருடைய படகுக்கு நேரே, ‘பிடித்த மீன், கிலோ’ என்ற தலைப்பின் கீழ், ‘தகவல் இல்லை’ என்றிருந்தது.

“காலிக் கையோட வந்தேன் மேடம், ஒத்துக்கிறேன். அதுவும் ஒரு கபர்தானே, ஒரு தகவல்தானே? தகவல் இல்லைன்னு போட்டா, நான் கடலுக்கே போகலைன்னுல்ல ஆகுது.”

சங்கவிக்கு வெகுநாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது. ஹேடோ துறைமுகத்தில், படகுகளின் விவரங்களை இணையத்தில் அட்டவணையாகக் காட்டும் அந்த அலுவலகத்தில், நிரல் எழுதுவது அவள் வேலை. பார்க்கிறேன் என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தாள்.

முன்பு அந்த நாற்காலியில் இருந்தவன் எழுதிவிட்டுப் போன நிபந்தனை அது. கட்டத்தில் மதிப்பு இருந்தால் காட்டு, இல்லாவிட்டால் ‘தகவல் இல்லை’ என்று காட்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நிரலுக்குப் பூஜ்யமும் ஒன்றுதான், வெற்றுக் கட்டமும் ஒன்றுதான். பூஜ்யம் வந்த இடத்திலெல்லாம் கைவிரித்திருக்கிறது.

ஒரு வரியைத் திருத்தினாள். கண்ணையாவின் கட்டத்தில் 0 வந்தது.

அத்தோடு எழுந்திருக்கலாம். ஆனால் அந்த வரி எல்லா அட்டவணைகளுக்கும் பொது. காணாமல்போன படகுகளின் பக்கத்துக்கும்.

அந்தப் பக்கத்தை அவள் திறப்பதே இல்லை. அதில் ரவிசங்கரின் படகு இருந்தது. மழைக்காலத் தொடக்கத்தில் தனியாகக் கடலுக்குப் போன அவள் கணவன்.

தேடுவதை நிறுத்தாதீர்கள் என்று அவள் அழுதபோது, அதிகாரி இந்த அட்டவணையைத்தான் திருப்பிக் காட்டினார். எல்லாக் கட்டத்திலும் ‘தகவல் இல்லை’. படகிலிருக்கும் கருவியிலிருந்து ஒரு சிக்னலாவது வரட்டும், அன்றைக்கே கப்பலை அனுப்புகிறேன் என்றார்.

அவள் நம்பிக்கையை விடவில்லை. அதனால்தான் மாமியார் சொர்ணம்மாவின் பேச்சு அவளுக்குப் பொறுக்கவில்லை. ரவிசங்கர் படகைக் கட்டும் பாம்பூஃப்ளாட் படகுத்துறையை ஒட்டிய வீடு அவர்களுடையது. விடிந்தால் போதும், ரவி வந்துவிட்டு இப்போதுதான் போனான் என்பாள் மாமியார்.

இன்று காலையும் வாசற்படி நனைந்து கிடந்தது. தண்ணீரைக் கொட்டிவிட்டு அவர் பெயரையா சொல்கிறீர்கள் என்று கத்திவிட்டுத்தான் சங்கவி ஃபெர்ரி ஏறினாள். துடைத்த துணியில் உப்பு வாடை அடித்ததைப் பற்றி அவள் யோசிக்கவில்லை.

பக்கத்தைத் திறந்தாள்.

கடைசிச் சிக்னல் வந்து எத்தனை நாள்: 0.

பூஜ்யம் நாள் என்றால் இன்று.

இன்றைக்கு வந்திருக்கிறது. நேற்றும் வந்திருக்கலாம், முந்தாநாளும் வந்திருக்கலாம். எல்லாம் ‘தகவல் இல்லை’க்கு அடியில் கிடந்திருக்கிறது. உயிரோடு இருக்கிறான். சந்தோஷத்தில் கண்ணீர் அவள் கண்ணை மறைத்தது. போனை எடுத்து அதிகாரியின் எண்ணைத் தேடிக்கொண்டே அடுத்த கட்டத்தைப் பார்த்தாள்.

கருவியின் பேட்டரி, சதவீதம்: 0.

விரல் நின்றுவிட்டது. பேட்டரி செத்த கருவி எப்படிப் பேசும்?

இருக்கட்டும். எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் போதும், கப்பலை அனுப்பச் சொல்லலாம். கடைசிக் கட்டத்துக்குப் போனாள்.

சொந்தப் படகுத்துறையிலிருந்து தூரம், கிலோமீட்டர்: 0.

கையிலிருந்த போன் அடித்தது. வீட்டிலிருந்து மாமியார். இத்தனை நாளில் இல்லாத நிம்மதி அந்தக் குரலில் இருந்தது.

“கத்தாம கேளுடி. இன்னைக்கு அவன் போகலை. நீ வர்ற வரைக்கும் இருக்கேங்கிறான்.”